வசனம் சரி, பிரசங்கம்தான் இடிக்கிறது

கேள்வி: இருபது வருடமாக ஒரே சபைக்குப் போகிறோம். பாட்டு, திருவிருந்து எல்லாம் பழையபடிதான். ஆனால் ஒரு வருடமாகப் பாஸ்டர், 3 யோவான் 2-ஆம் வசனத்தை வைத்து, விசுவாசம் இருந்தால் வியாதியும் கடனும் வராது என்கிறார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. "காணிக்கையை விதையுங்கள், சுகத்தை அறுப்பீர்கள்" என்று போன ஞாயிறு சொன்னதிலிருந்து மாத்திரையைத் தொடத் தயங்குகிறார். நான் சந்தேகப்படுவது பாவமா?
- ஒரு சகோதரி, காரைக்குடி

பதில்: முதலில் மாத்திரை, சகோதரி. அதை ஒரு வேளைகூட விடவேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்குப் பவுல் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடத்தான் சொன்னார், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடு விட்டுவிட்டு வந்தார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் இல்லையா?

சந்தேகம் பாவமே இல்லை. பவுல் பேசியதையே பெரோயா ஊரார் தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்துபார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

சரி, அந்த வசனம். அது யோவான் காயுவுக்கு எழுதிய கடிதத்தின் ஆரம்பம், "சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்று நலம் விசாரிக்கிறார். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டால் அதிலும் நலம் விசாரிப்பு இருந்திருக்கும், அதை யாராவது புரோநோட்டு என்று கோர்ட்டுக்கு எடுத்துப்போவார்களா? விதைப்பது, அறுப்பது என்ற பேச்சும் அப்படித்தான். 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம் எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்தபோது எழுதியது, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று அந்த விதைப்பு வசனத்துக்கு அடுத்த வசனமே சொல்கிறது. அதை உங்கள் சபையில் வாசித்தார்களா?

தேவன் சுகம் தருகிறார், நானும் அதற்காக ஜெபிக்கிறவன்தான். அதனால்தான் இந்தப் போதனை லேசில் பிடிபடாது, பாதி உண்மை. மீதிப் பாதி, குணமாகாதவன் தலையில் குற்றத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது, உங்கள் வீட்டுக்காரர் இப்போது சுமப்பது அதைத்தான், எனக்கு அது ரொம்ப வலிக்கிறது.

உடனே சபையை விட்டுவிடாதீர்கள், மற்றவர்களிடம் பேசிப் பரப்பவும் வேண்டாம். இருவருமாகப் பாஸ்டர் வீட்டுக்குப் போய், பைபிளைத் திறந்து வைத்து, முன்னும் பின்னும் சேர்த்து வாசித்துக் கேளுங்கள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் அவருக்கு அவகாசம் கொடுங்கள். "அபிஷேகம் பெற்றவரையே கேள்வி கேட்கிறீர்களா" என்று எழுந்தாலோ, மாத்திரை வேண்டாம் என்றாலோ, அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போய்விடுங்கள்.