பைசாண்டியம் ஆடுகிறவர்களின் கேள்விகள்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக ஆட்டத்தில், கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாண்டியப் பேரரசை எடுத்து அடி வாங்கியவர்கள் கேட்டவை.

கே: சில வருடங்களிலேயே ஒட்டோமான் துருக்கியர்கள் முடித்துவிடுகிறார்கள். தலைநகரின் மதிலுக்குள் இருந்து மெதுவாகப் படை சேர்க்கலாமா?

ப: மதிலை நம்பாதீர்கள். நீங்கள் ஒரு படைப்பிரிவு சேர்ப்பதற்குள் அவர்கள் ஐந்து சேர்ப்பார்கள். ஆட்டம் தொடங்குவது 1444 நவம்பர் 11, ஒட்டோமான்களுடன் நடந்த வர்ணா போரில் ஹங்கேரி அரசர் செத்ததற்கு மறுநாள். அங்கிருந்து வருடம் போகப் போக உங்கள் நிலைமை மோசமாகத்தான் ஆகும். கிடைக்கிற கடனையெல்லாம் வாங்கித் துடுப்புக் கப்பல் கட்டுங்கள், கூட்டாளி பிடியுங்கள். ஒட்டோமான் பெரும்படை ஆசியக் கரையான அனத்தோலியாப் பக்கம் போனதும் போரை அறிவித்து, ஐரோப்பியக் கரையில் உள்ள கல்லிப்போலியைப் பிடித்து, இடையில் உள்ள நீரிணையில் கப்பல்களை நிறுத்துங்கள். அக்கரையில் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, இக்கரைக் கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒருமுறை பழுதுபார்க்கலாமே என்று கப்பல்களைத் துறைமுகத்துக்குத் திருப்பினேன். அவை திரும்பி வருவதற்குள் முழுப்படையும் இக்கரையில் நின்றது. அன்றைக்கு அந்த ஆட்டத்தை அப்படியே மூடினேன்.

கே: வாங்கிய கடனை எப்போது அடைப்பது?

ப: ஜெயித்த பிறகு. தோற்றால் அடைக்க வேண்டியதே இல்லை.

கே: ஸ்பெயினில் இருந்த சிறிய முஸ்லிம் அரசான கிரனாடாவை ஆடவும் இதே வழிதானா?

ப: நான் அதை ஒழுங்காக ஆடியதில்லை. ஆடியவரிடம் கேளுங்கள்.

கே: உண்மையில் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் ஒட்டோமான்களிடம் விழுந்தது பீரங்கியால்தானே? மதிலைக் குறை சொல்கிறீர்களே!

ப: இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஒட்டோமான்களுக்காக ஆர்பான் வார்த்த ராட்சத பீரங்கியை ஒரு நாளில் சில தடவைதான் சுட முடிந்தது. இடிந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக மரம், மண், பீப்பாய் என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். அப்படியே 53 நாள் தாங்கினார்கள். குறை கல்லில் இல்லை, தலைக்கணக்கில். ஆயுதம் ஏந்தக்கூடிய நகரவாசிகளை எண்ணச் சொன்னார் பேரரசர் கான்ஸ்டண்டைன். ஐயாயிரம்கூடத் தேறவில்லை. வெளியே தெரிய வேண்டாம் என்று அந்த எண்ணிக்கையை மறைத்தார்கள். காவல் காக்க வேண்டிய தரைமதிலோ கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். போதாததற்கு ஏப்ரல் 22 அன்று ஒட்டோமான் சுல்தான் மெஹ்மத் கப்பல்களை மேட்டின் மேல் இழுத்து, நகரத்தை ஒட்டிய கடற்கழியான பொற்கொம்பில் இறக்கிவிட்டார். அந்தப் பக்கத்துக்கும் ஆளைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

கே (அவரேதான்): நகரத்தைக் காக்க வந்த ஜெனோவாத் தளபதி ஜியுஸ்டினியானி காயம்பட்டு விலகாமல் இருந்திருந்தால்?

ப: அந்த இரவு தப்பியிருக்கலாம். அடுத்த இரவு? அவர் கூட்டிவந்தது 700 பேர். மெஹ்மத் பக்கம் பல பத்தாயிரம். சரி, வாதத்துக்காக முற்றுகையையே விட்டுவிட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1452-இல் நகரத்துக்கு அருகே பொஸ்போரஸ் நீரிணைக் கரையில் ஒட்டோமான்கள் கட்டிய ருமேலி கோட்டை எங்கே போகும்? கடல் வழி அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஆட்டத்தில் நான் முதலில் கடலுக்குப் போகச் சொல்கிறேன்.

கே: அல்பேனியா கூட்டு உதவுமா?

ப: அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக் அபாரமான தளபதி. படைதான் கையளவு. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: மதிலுக்குள் இருந்தபடியே படை சேர்த்தால்...

ப: முதல் பதில்.

கே: இல்லை, கூடுதலாக இன்னொரு கோட்டையும் கட்டிக்கொண்டு?

ப: அந்தக் காசுக்குக் கப்பல் வாங்குங்கள்.