கத்தரி வெயிலில் தாய்க்கோழித் தீவனம்: கேள்வி பதில்

கே: கலப்பின நாட்டுக்கோழி, குஞ்சு பொரிக்க முட்டை எடுக்கிறோம். வெயில் ஏறியதும் முட்டை குறைந்து, தோல் முட்டையும் (கெட்டி ஓடில்லாதது) விழுகிறது. கால்சியம் டானிக் எத்தனை மில்லி?

ப: டானிக்கை ஓரமாக வைத்துவிட்டு, கோழி தின்னும் தீவனத்தை எடைபோடுங்கள். நன்றாக முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 கிராம் கால்சியம் வேண்டும். 110 கிராம் தின்றபோது தீவனத்தில் 3.6 சதவீதம் இருந்தாலே போதும். 90 கிராமுக்கு இறங்கினால் 4.4 தேவை. மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களுக்கும் இதே கணக்குதான். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும். மாலை 5 மணிக்குக் கோழிக்கு 3 கிராம் வீதம் கிளிஞ்சல் போடுங்கள். 2 முதல் 4 மி.மீ. துகள் இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். மாவாக அரைத்தது விடிவதற்குள் தீர்ந்துவிடும்.

கே: சமையல் சோடா?

ப: போடலாம். கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தத்தில் ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் குறைகிறது. 100 கிலோ தீவனத்துக்கு 200 கிராம். ஆனால் உப்பு 350 கிராம் போடுகிறீர்கள் என்றால் 220க்கு இறக்குங்கள். உப்பைக் குறைக்காமல் சோடா போடாதீர்கள். எச்சம் தண்ணீராகும், கூளம் நனைந்து அம்மோனியா நெடி ஏறும்.

கே: வைட்டமின் சி?

ப: 100 கிலோ தீவனத்துக்கு 20–25 கிராம், பூச்சு கொடுத்த ரகம். குளோரின் தண்ணீரில் கலந்தால் வீண்.

கே: கால்சியம் டானிக் தண்ணீரில் விடலாமா?

ப: முதல் பதிலையே பாருங்கள், டானிக் வேண்டாம்.

கே: பகலில் தீவனத்தை எடுக்கச் சொல்கிறார்கள். பட்டினி போட்டால் முட்டை ஏறுமா? வெயிலில் அது தானே தின்னாதே?

ப: எல்லாம் சும்மா நிற்பதில்லை, சில கோழி கொத்திக்கொண்டேதான் இருக்கும். தின்ற சில மணி நேரத்தில் செரிமானச் சூடு உச்சிக்குப் போகும். அது மதியத்தோடு சேரக் கூடாது. அதிகாலை 4 மணிக்கு விளக்கு, உடனே தீவனம். மொத்த வெளிச்சம் 16 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். காலை 10க்குத் தீவனத் தொட்டியைத் தூக்கி மாலை 4 மணிக்கு இறக்குங்கள். தண்ணீரை மட்டும் எடுக்கவே கூடாது.

கே: இறக்கியதும் அடித்துக்கொண்டு பாய்கின்றன, நலிந்தவை பின்தங்குகின்றனவே?

ப: தொட்டி போதவில்லை, கூட்டுங்கள்.

கே: கூமுட்டை அதிகம்.

ப: சேவலைப் பாருங்கள், வெயிலில் விந்தின் தரம் இறங்கும். வைட்டமின் ஈ, செலினியம் சேருங்கள். முட்டையை நாளுக்கு 4 முறை எடுத்து 18 டிகிரி அறையில் வையுங்கள்.

கே: கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் முட்டை ஏறுமாமே?

ப: கால்நடைக்கும் கோழிக்கும் அது இந்தியாவில் 2019இலேயே தடை. அதை விடுங்கள், சோடாவுக்கு உப்புக் கணக்கைச் சரி பார்த்தீர்களா?