பேக்கப்பிலிருந்து கோப்பை மீட்கும் உரிமை யாருக்கு?

கேள்வி: நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும் இரண்டு யூனிக்ஸ் சர்வர்களைக் கவனித்து வருகிறேன். யாராவது ஒருவர் கோப்பை அழித்துவிட்டு வந்து நிற்காத நாளே இல்லை. குழுத் தலைவர்களுக்கு, கோப்புகளை ஒன்றாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் (tar) கட்டளையை மட்டும் சூடோவில் (sudo, நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கவிடும் வசதி) கொடுத்து, அவர்களையே ரீஸ்டோர் செய்துகொள்ளச் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். டாருக்கு சூடோ கொடுப்பதும் ரூட் உரிமையையே, அதாவது முழு நிர்வாகி உரிமையையே, கொடுப்பதும் ஒன்றுதான். டாரின் க்னூ (GNU) பதிப்பில், வேலையின் நடுவே ஒரு கட்டளையை இயக்கவிடும் செக்பாயிண்ட் வசதி வழியாக வேறு எந்தக் கட்டளையையும் ரூட்டாக இயக்கிவிடலாம். அது தெரியாதவரும்கூட, முழு பேக்கப் கையில் இருந்தால் ஷேடோ கோப்பிலுள்ள பாஸ்வேர்டு ஹாஷ்களை (பாஸ்வேர்டுகளை உருமாற்றிச் சேமித்த வடிவம்) எடுத்துப் பார்க்கலாம். அடுத்தவரின் அஞ்சலையும் படிக்கலாம்.

திரும்ப எழுதுவதில் ஆபத்து இன்னும் அதிகம். ரூட்டாகப் பிரிக்கும்போது டார் பழைய உரிமையாளரையும் பழைய அனுமதிகளையும் அப்படியே கொண்டுவரும். 644 ஆக (எல்லோரும் படிக்கலாம்) இருந்த கோப்பை ஒருவர் நேற்றுதான் 600 (சொந்தக்காரர் மட்டும்) ஆக்கியிருப்பார். ரீஸ்டோர் அதை மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடும். ஓட்டை இருக்கிறதென்று நீங்கள் மாற்றிய செட்யூஐடி நிரலும் (யார் இயக்கினாலும் தன் உரிமையாளரின் உரிமையோடு ஓடும் நிரல்) பழையபடி வந்து உட்காரும். வேலையை விட்டுப் போனவரின் யூஐடி எண்ணைப் (பயனரை அடையாளம் காட்டும் எண்) புதிதாக வந்தவருக்குக் கொடுத்திருந்தால், முன்னவரின் கோப்புகள் இவர் கைக்குப் போய்விடும். அந்த எண்களை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, தினசரித் தொல்லைக்கு என்ன வழி? "காலையில்தான் அழித்தேன்" என்று வருகிறவர்களுக்கு ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, போதும். ஸ்னாப்ஷாட் வசதியுள்ள இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறைமை இருந்தால் ஒவ்வொருவரும் தம் கோப்பைத் தாமே நகலெடுத்துக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட்டில் யாராலும் எழுத முடியாது, ரூட்டும் தேவையில்லை. அன்றைய அனுமதிகளே அதிலும் இருக்கும் என்பதால், வீட்டு அடைவுகளை (ஒவ்வொரு பயனருக்கும் உரிய சொந்த அடைவு) முதலிலேயே 700 ஆக்கி, சொந்தக்காரர் மட்டும் நுழையும்படி வையுங்கள்.

மிச்சத்தை நீங்களே செய்யுங்கள். கேட்கும் உரிமை கோப்பின் சொந்தக்காரருக்கு மட்டும். குழுத் தலைவர் பொது அடைவுக்குக் கேட்கலாம். "என் ஆள்தானே" என்று ஒருவரின் வீட்டு அடைவைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம், மூல இடத்தின் மேலேயே எழுதாதீர்கள். பயனர் அடைவில் சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்பு) ஒன்று இருந்தால், ரூட் அதன் வழியே போய் வேறெங்கோ எழுதிவிடக்கூடும். நோசூயிட் (செட்யூஐடியைச் செயல்படவிடாத அமைப்பு) போட்டு மவுண்ட் செய்த, அதாவது கணினியோடு இணைத்த, தனி இடத்தில் பிரித்து, சரிபார்த்து, உரியவரிடம் கொடுங்கள். யார் கேட்டார், யார் எடுத்தார் என்று குறித்து வையுங்கள்.

நீங்கள் விடுப்பில் போகும் நாட்களுக்காக நம்பகமான ஒருவரை, ஒரே ஒருவரை, இந்த வேலையில் இப்போதே பழக்கிவிடுங்கள்.