வாசகர் கேள்வி–பதில்: காசு கட்டியும் கதவு திறக்காவிட்டால்?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளிடம் போக ஆயத்தமாகிறோம். போன வருடம் போய்வந்த சம்பந்தி அம்மா, சுரங்க ரயிலில் அட்டையை ஒழுங்காக வைத்தும் கூடுதலாகக் காசு வெட்டுப்பட்டது என்கிறார். ஒரு நாள் நிலைய வாயிலில் உள்ள தடுப்புக் கதவும் திறக்கவில்லையாம். எங்கே பிழை?
– வாசகி, உப்புவெளி

பதில்: உள்ளே போகும்போது வங்கி அட்டை, வெளியே வரும்போது கைத்தொலைபேசி என்று மாற்றி வைத்திருப்பார். கணக்கு ஒன்றுதான் என்றாலும் தொலைபேசியில் ஏற்றிய அட்டைக்கு இலக்கம் வேறு. இயந்திரம் இலக்கத்தைத்தான் பார்க்கும். ஆகவே முடிவில்லாத பயணம் ஒன்று, தொடக்கமில்லாத பயணம் ஒன்று. இரண்டுக்கும் ஆகக்கூடிய கட்டணம். எதனால் உள்ளே போனீர்களோ, அதனாலேயே வெளியே வாருங்கள். மகளும் நீங்களும் ஒரே அட்டையில் போகவும் முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

கதவு திறக்காததற்குப் பெரும்பாலும் பணப்பைதான் காரணம். இரண்டு அட்டைகள் சேர்ந்திருந்தால், அட்டையை வைக்கும் இயந்திரமான மஞ்சள் வட்டம் குழம்பும், அல்லது நீங்கள் நினைக்காத அட்டையில் காசை எடுக்கும். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, பச்சை வெளிச்சம் வரும்வரை தட்டையாக வையுங்கள்.

அப்படியும் திறக்காவிட்டால் தயவுசெய்து முன்னால் போகிறவரின் முதுகோடு ஒட்டிப் போகாதீர்கள். காசு கட்டாதவர்கள் நுழையும் வழி அதுதான். உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள். பெட்டி, சக்கர நாற்காலி, குழந்தை வண்டிக்கென்று ஓரத்தில் ஓர் அகலக் கதவு இருக்கும். அங்கே நிற்கும் ஊழியரிடம் அட்டையைக் காட்டுங்கள். 11 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகள் உங்களோடு வந்தால் சுரங்க ரயிலில் இலவசம். அவர்களையும் அந்தக் கதவால் கூட்டிப்போகலாம்.

லண்டனின் கிழக்குப் பக்கம் ஓடும் டொக்லண்ட்ஸ் இலகு ரயிலில்தான் கூடிய கவனம் தேவை. அதன் பல நிலையங்களில் கதவே இல்லை. மஞ்சள் வட்டம் மட்டும் ஒரு கம்பத்தில் இருக்கும். தடுப்பில்லை என்று அட்டையை வைக்காமல் நடந்தால் பரிசோதகர் வரும்போது தண்டம் 100 பவுண், 21 நாட்களுக்குள் கட்டினால் 50. பஸ்ஸில் ஏறும்போது ஒருதரம் வைத்தால் போதும். 2014 முதல் அங்கே பஸ்ஸில் கைக்காசு வாங்குவதில்லை.

கேள்வி: பெர்லினில் ரயில் நிலையத்துக்குக் கதவே இல்லை என்கிறார் தம்பி. அப்படியென்றால் யார் பார்ப்பது?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: எங்கள் திருகோணமலை நிலையத்தில் இறங்கியதும் வாயிலில் ரிக்கெற்றை வாங்கிக்கொள்வார்கள். அங்கே வாயிலில் யாரும் இல்லை; பெட்டிக்குள் சாதாரண உடுப்பில் வருவார்கள். ரிக்கெற் வாங்கினால் மட்டும் போதாது. இயந்திரத்தில் எடுத்த கடதாசி ரிக்கெற்றை, ஏறுமுன் மேடையில் உள்ள சிறு பெட்டிக்குள் செருகி நேரத்தைப் பதிய வேண்டும். பதியாத ரிக்கெற் கையில் இருந்தாலும் இல்லாதது போலத்தான், தண்டம் 60 யூரோ. பதிந்த ஒற்றை ரிக்கெற் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரு திசைக்கு மட்டும். திரும்பி வர இன்னொன்று எடுங்கள்.