கணக்கைப் பார்க்கிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஜிட்டல் பணத்துக்குத் தனியுரிமை அவசியம் என்று எழுதியிருந்தீர்கள். நேர்மையாகச் சம்பாதித்துச் செலவழிக்கிறவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? வங்கிக்குத்தான் எல்லாம் தெரியுமே. பிட்காயினிலோ பெயரே கிடையாது. அதற்கு மேலும் ரகசியம் கேட்டால் திருடர்களுக்குத்தானே வசதி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருடர்களைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பிட்காயினில் பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் எந்த முகவரியிலிருந்து (அங்கே கணக்கு எண் மாதிரி) எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது ஒரு பொதுப் பேரேட்டில் 2009 முதல் பதிவாகிக் கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், யாராலும் அழிக்க முடியாது. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ அதை விளக்கி எழுதிய 2008 வெள்ளை அறிக்கையே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவிகளை, அதாவது புதிய முகவரியை, பயன்படுத்தச் சொல்கிறது. அப்படியும், பல முகவரிகளில் உள்ள காசைச் சேர்த்துச் செலவழித்தால் அவை ஒரே ஆளுடையவை என்பது வெளியே தெரிந்துவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் டிஜிட்டல் காசை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் அடையாள அட்டை கொடுத்துக் காசு வாங்குகிறோம். ஒரு முகவரியோடு பெயர் ஒட்டிக்கொண்டால், பின்னோக்கிப் போய் மற்றவற்றையும் தேடிப்பிடிக்கலாம்.

வங்கிக்குத் தெரியும் என்கிறீர்கள். சரி, ஆனால் நீங்கள் பணம் கொடுத்த ஆளுக்கு உங்கள் பாஸ்புக் தெரியாதே! திறந்த பேரேட்டில் அதுதான் நடக்கிறது. ஒரே முகவரியில் கூலி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலை கொடுப்பவர், பழைய ஆள் எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுவார். கடன் கேட்கிற உறவினருக்கு இருப்பு தெரியும். கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியவர் எங்கெங்கே செலவழிக்கிறார் என்பதைத் துரத்துகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனிக்கலாம். இவர்கள் யாரும் சட்டத்துக்குப் பயந்து மறைக்கவில்லை. எத்தீரியம் என்ற இன்னொரு டிஜிட்டல் பண வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின்கூட, உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற சேவையைப் பயன்படுத்தியதாக 2022இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஒவ்வொரு காசுக்கும் பூர்வீகம் தெரிந்தால் எல்லாக் காசும் ஒரே மதிப்பில் இருக்காது. எப்போதோ யாரோ திருடிய காசு கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்திருந்தால், எக்ஸ்சேஞ்ச் அதை முடக்கலாம். திருடியவர் போய்விட்டார், மாட்டிக்கொண்டவர் நீங்கள்.

இனி திருடர்கள். திறந்த பேரேடு போலீசுக்கு உதவுவதை நான் மறுக்கவில்லை. 2021இல் கலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம், கணினிகளை முடக்கி மிரட்டியவர்களுக்குக் கொடுத்த 75 பிட்காயினில் 63.7ஐ அமெரிக்க அதிகாரிகள் தடம் பிடித்து மீட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் காட்டுவது, எல்லாவற்றையும் மறைப்பது என்று இரண்டே வழிகள்தான் இருப்பதாக நினைப்பது தவறு. 2016இல் வந்த ஸீகேஷ் என்ற டிஜிட்டல் பணத்தில் தொகையையும் முகவரிகளையும் மறைக்கலாம். தணிக்கையாளர் கேட்டால் பார்வைச் சாவியைக் கொடுத்து அவருக்கு மட்டும் காட்டலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது குறியாக்க ஆய்வாளர் டேவிட் சௌம் 1980களின் தொடக்கத்தில் சொன்ன குருட்டுக் கையொப்ப முறை. வங்கி டிஜிட்டல் காசின் எண்ணைப் பார்க்காமலே அதில் கையெழுத்திடும். பிறகு அந்தக் காசு திரும்பி வரும்போது அது செல்லும் என்பது தெரியும், யாருக்குக் கொடுத்தது என்பது தெரியாது. ஆனால் அதை வங்கியில் செலுத்துகிறவர் தன்னைக் காட்டியாக வேண்டும். அதாவது செலவழிக்கிறவர் மறைந்திருப்பார், வரவு வாங்குகிறவர் மறைய முடியாது. வரி ஏய்ப்பவரும் மிரட்டிப் பணம் பறிப்பவரும் வரவு வாங்குகிறவர்கள்தானே? கூடாத பொருளை வாங்குகிறவர் இதில் தப்பிக்கலாம்தான். ரொக்கத்திலும் அவர் தப்பிக்கிறார். அதற்காக ரொக்கத்தை ஒழிக்க நீங்கள் சம்மதிப்பீர்களா என்று தெரியவில்லை, நான் சம்மதிக்க மாட்டேன்.