மேய்ச்சல் நிலத்து மண்ணிலிருந்து எழும் வாயு: கவனிக்க வேண்டிய இடம் எது?

கேள்வி: என்னிடம் 15 கறவை மாடுகளும் 6 ஹெக்டேர் மேய்ச்சல் நிலமும் உள்ளன. மாடு ஏப்பமிடும்போது மீத்தேன் வெளியேறுவது எனக்குத் தெரியும். ஆனால், புவியை வெப்பமாக்கும் வாயு மேய்ச்சல் நிலத்து மண்ணிலிருந்தும் எழுகிறது என்று படித்தேன். இது எப்படி நேர்கிறது? மாடுகளைத் தொழுவத்திலேயே கட்டிவைத்துத் தீவனம் போட்டால் குறையுமா? ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யூரியா இடுவது என் வழக்கம். அதை மாற்ற வேண்டுமா?

பதில்: நீங்கள் படித்தது சரியே. மேய்ச்சல் நிலத்து மண்ணைப் பொறுத்தவரை முதலில் கவனிக்க வேண்டிய வாயு நைட்ரஸ் ஆக்சைடு. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டது அது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தங்கக்கூடியது. மண் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது என்றாலும், அதில் பெரும்பகுதி புல் காற்றிலிருந்து முன்பு எடுத்துக்கொண்டதே என்பதால், அதைத் தனிச் சுமையாகக் கருத வேண்டியதில்லை.

மழை பெய்து பத்து நாள் கழித்து நிலத்தில் நடந்து பாருங்கள். வெளிறிய புல்லுக்கு நடுவே ஆங்காங்கே கரும்பச்சையாகச் செழித்த திட்டுகள் தெரியும். அவை மாடு சிறுநீர் கழித்த இடங்கள். ஒரு மாடு ஒரு முறை கழிக்கும் 2 லிட்டர் சிறுநீரில், லிட்டருக்கு 8 கிராம் வீதம், 16 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பதாகக் கொள்வோம். அது 0.3 சதுர மீட்டர் பரப்பில் விழுகிறது என்றால், ஹெக்டேருக்கு 530 கிலோ தழைச்சத்து இட்டதற்குச் சமம். அவ்வளவையும் அந்தச் சிறு வட்டத்திலுள்ள புல்லின் வேர்களால் உண்ண முடியாது. மிஞ்சுவது நுண்ணுயிரிகளுக்குப் போய்ச் சேர்கிறது.

சிறுநீரிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாதான். மண்ணிலுள்ள நொதி அதை ஓரிரு நாளில் அம்மோனியமாக மாற்றிவிடும். அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகக் காற்றில் பறக்கும், மீதியைக் காற்றோட்டமுள்ள மண்ணில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். இந்த மாற்றத்தின்போதே சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. ஆனால், மண்ணின் துளைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் நீர் நிரம்பிப் பிராணவாயு தட்டுப்படும்போது, வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அப்போதுதான் அந்த வாயு கணிசமாக எழுகிறது. நீர் முழுவதுமாகத் தேங்கிவிட்டால் அதே பாக்டீரியாக்கள் இன்னும் ஒரு படி சென்று, தீங்கற்ற நைட்ரஜனாகவே முடித்துவிடுவதும் உண்டு. எனவே மிகவும் கெட்டது குளம்போல் நிற்கும் நீர் அன்று. கால் அழுந்தும் அளவுக்கு ஈரமும், குளம்பு மிதித்த இறுக்கமும், மிகுந்த தழைச்சத்தும் ஒரே இடத்தில் சேர்வதுதான். தண்ணீர்த்தொட்டியைச் சுற்றியும், வாசற்படலின் அருகிலும், மாடுகள் கூடிப் படுக்கும் மரநிழலிலும் இம்மூன்றும் சேரும். மண்ணின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, எழும் வாயுவை அளப்பவர்கள் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு: ஓர் எட்டு தள்ளி வைத்த இரு பெட்டிகளில் அளவு பத்து மடங்கு வேறுபடலாம். நிலம் முழுவதையும் ஒரே சீராக எண்ணித் திட்டமிடுவது ஏன் பயனற்றது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, ஈரமான தட்பவெப்பத்தில் மேயும் மாடுகள் கழிக்கும் தழைச்சத்தில் சராசரியாக 0.6 சதவீதமும், வறண்ட பகுதிகளில் 0.2 சதவீதமும் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுவதாகக் கொள்ளப்படுகிறது. இந்தக் கணக்கில் மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேனே பல மடங்கு பெரிய சுமை. ஆயினும் ஏப்பத்தைக் குறைப்பது உங்கள் கையில் அதிகம் இல்லை. மண் உங்கள் கையில் இருக்கிறது, வீணாகும் தழைச்சத்து நீங்கள் காசு கொடுத்து வாங்கியதும்கூட.

ஆகவே யூரியாவிலிருந்து தொடங்குங்கள். மழை ஓய்ந்த கையோடு சொதசொதப்பான மண்ணில் இடுவது, மேலே சொன்ன கேட்டை நாமே வரவழைப்பதாகும். மண் ஓரளவு வடிந்து, புல் துளிர்த்து வளரத் தொடங்கியபின், சிறு தவணைகளாக இடுங்கள். மாடுகள் அண்மையில் மேய்ந்த பகுதிக்குச் சில வாரங்கள் இடைவெளி கொடுங்கள். புல்லோடு பயறுவகைத் தீவனப் பயிரை வளர்த்தால் யூரியாவின் தேவையே குறையும். அதே சமயம், தேவைக்கு மிஞ்சிய புரதம் சிறுநீரிலேயே வெளியேறுகிறது என்பதால், இளம்புல்லோடு புரதம் மிகுந்த அடர்தீவனத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

தொழுவத்தில் கட்டுவது பற்றி: சேறான சில நாட்களில் மட்டும் கட்டுவது நல்லது, ஆண்டு முழுவதும் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் கிடக்கும் சாணம் விரைவில் காய்ந்துவிடுவதால் அதிலிருந்து மீத்தேன் சில நாட்களுக்கே வரும். அதே சாணத்தைக் கழுவிக் குழியில் கூழாகத் தேக்கினால், காற்றில்லாத சூழலில் மாதக்கணக்கில் வரும். மிதிபடாத, காற்றோட்டமான மண் வளிமண்டலத்து மீத்தேனைச் சிறிதளவு உட்கொள்ளவும் செய்கிறது.

நைட்ரேட் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. ஆனால், டி.சி.டி. என்ற மருந்தின் எச்சம் பாலில் காணப்பட்டதால் 2013-இல் நியூசிலாந்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. கறவை மாட்டு நிலத்தில் அவசரப்பட வேண்டாம். அதற்குப் பதிலாக, தண்ணீர்த்தொட்டியைச் சில வாரங்களுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். நிலையான தொட்டி என்றால், அதைச் சுற்றிச் சரளை பரப்பி நீர் வடிய வழி செய்யுங்கள். குழாய் கசிந்தால் அன்றே அடைத்துவிடுங்கள்.