எடை போட்ட அன்றே

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்டோர விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியிருக்கிறோம். விளைபொருளை நகரத்தில் நல்ல விலைக்கு விற்பது திட்டம். வருமானம் கூடினால் வேட்டையையும் மரம் வெட்டுவதையும் மக்கள் தாமாகவே விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறோம். விழிப்புணர்வு முகாம்களும் நடத்துகிறோம். இது பலன் தருமா? எங்கள் பொருளுக்கு நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

பெயரை உங்கள் உறுப்பினர்களிடம் கேளுங்கள். முத்திரை, சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

வருமானம் கூடினால் காடு பிழைக்கும் என்று யார் சொன்னது? கையில் காசு சேர்ந்தால் விவசாயி இன்னும் கொஞ்சம் நிலத்தைத் திருத்தத்தான் பார்ப்பார். காட்டோரத்தில் திருத்த மிச்சமிருப்பது காடு மட்டும்தான். அவர் இடத்தில் நீங்களும் நானும் அதையே செய்வோம்.

ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு உடனே எழுத அதுதான் காரணம். அங்கே மாடுகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈயால் மாடு வளர்ப்பது கடினம். இறைச்சி என்றால் காடுதான். மழைக்காலத்தில், பழைய மக்காச்சோளம் தீர்ந்து புதியது விளையாத மாதங்களில், பல வீடுகளில் அரைக்க ஒன்றும் இருக்காது. அப்போது ஒருவர் கம்பியை வளைத்துச் சுருக்குப் போட்டு, மான் நடக்கும் தடத்தில் தலை நுழையும் உயரத்தில் மரத்தோடு கட்டிவிட்டு வருகிறார். மானுக்கு வைத்ததில் காட்டுநாயும் மாட்டும். சிங்கத்தின் கழுத்தும் யானையின் தும்பிக்கையும் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். கட்டியவருக்கு நீங்கள் முகாம் நடத்தி என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? அந்தக் காடு உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், ஐயா.

டேல் லூயிஸ் என்பவர் 2003இல் அங்கே தொடங்கிய கோமாகோ என்ற அமைப்பு, பசி அதிகமுள்ள வீடுகளையும் வேட்டைக்காரர்களையும் தேடிப்போய்ச் சேர்த்தது. கண்ணியையும் துப்பாக்கியையும் ஒப்படையுங்கள், வயலுக்குள் கிளைரிசிடியா மரம் நட்டு மண்ணைத் தேற்றுங்கள், புது நிலம் தேடிக் காட்டை அழிக்காதீர்கள். உங்கள் நிலக்கடலையை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்பது பேச்சு. கடலை வெண்ணெயாகி ‘இட்ஸ் வைல்ட்’ என்ற பெயரில் கடைகளுக்குப் போகிறது. குறைந்துகொண்டிருந்த விலங்குகளின் எண்ணிக்கை நிலைப்பட்டது என்கிறது அவர்களின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை. மொத்தத் திட்டமும் வெற்றியா என்று அளப்பது இப்போதைக்குக் கடினம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கம்போடியாவின் ‘ஐபிஸ் அரிசி’ திட்டத்திலும் இதே ஏற்பாடுதான்: காட்டை அழிக்காதவருக்கு, வேட்டையாடாதவருக்குக் கூடுதல் விலை.

ஆக, நிபந்தனை வேண்டும். சரி, யாருடைய நிபந்தனைக்கு விவசாயி கட்டுப்படுவார்? சொன்ன நாளில் பணம் தருபவருடைய நிபந்தனைக்கு.

என் அப்பா சரக்குப் போட்ட சங்கம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். எடை சரியாக இருக்கும், விலையும் வியாபாரி தருவதைவிடக் கூடுதல். பணம் மட்டும் வராது. ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். வியர்வை பட்டு எடை எழுதிய இடம் மங்கிவிடும். அதன் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதிக்கொள்வார். அடுத்த விளைச்சலை வியாபாரியிடம் போட்டார். குறைந்த விலைதான், ஆனால் அன்றே கையில். சங்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று பேசினார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது. யார் யாருக்குச் செய்த துரோகம் அது?

உங்கள் உறுப்பினரிடமும் ஒரு வியாபாரி வருவான். எந்த நிலத்தில் விளைந்தது, கண்ணி வைத்தாயா என்றெல்லாம் அவன் கேட்க மாட்டான். நீங்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டுப் பணத்துக்கு அடுத்த மாதம் வா என்றும் சொன்னால், உங்களிடம் அவர் ஏன் வர வேண்டும்? அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் எதைச் சமைப்பது?

மனம் நோகாதீர்கள். இந்த வேலைக்கு இறங்குபவர்களே குறைவு, உங்கள்மேல் எனக்குப் பிரியம்தான். முகாமுக்கு ஒதுக்கிய பணத்தைக் கொள்முதல் கணக்குக்கு மாற்றுங்கள். அறுவடையின் முதல் வாரத்தில் எத்தனை மூட்டைக்கு ரொக்கம் தர முடியும்? வங்கிக் கடன் அதற்கு முன்னால் கைக்கு வருமா? வயலுக்குப் போய் நிபந்தனையைச் சரிபார்ப்பவர் யார், அவருக்குச் சம்பளம் யார் தருவது? இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள், மறுபடி பேசலாம்.